எது மூலம்? ஒரு போலிப் பெட்டியை முன்வைத்து

சென்ற ஆண்டு எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழக வாரத்தில் பழம்பொருள் கண்காட்சி ஒன்று வைத்தோம். மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த உளி, மங்கு, காண்டா வாளி, அம்மி என்று மேசைகள் நிரம்பின. கடைசி மேசை என்னுடையது. அதில் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றும் 14 அங்குலப் பெட்டி டிவி ஒன்றும் இருந்தன. இரண்டும் ஓடும் நிலையில் இருந்தவை.

மற்ற மேசைகளின் முன் மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். என் மேசையில் சண்டை போட்டு விளையாடினார்கள். ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் மட்டும் பெட்டியைத் தூக்கி அடியில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"டீச்சர், இது ஒரிஜினலா?"

"இல்லப்பா, கொப்பி."

"அப்புறம் எதுக்கு டீச்சர் பத்திரமா வச்சிருக்கீங்க?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. அவன் போய்விட்டான், கேள்வி போகவில்லை. ஒரு படைப்பைத் திறனாய்வு செய்ய உட்காரும் எவரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்: நம் கையில் இருப்பது மூலமா, படியா? படி என்றால் அதற்கு மதிப்பு உண்டா, இல்லையா? பழைய விளையாட்டுப் பெட்டிகளைச் சேகரித்துப் பழுதுபார்க்கும் பழக்கத்தை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். செய்யுள் பகுதிக்கு மட்டும் உரியவை என்று நாம் நினைக்கும் சொற்கள் இங்கேயும் வேலை செய்கின்றன.

பெட்டி வந்த கதை

நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தொண்ணூறுகளின் பிற்பாதி. அப்பா பால் மரம் வெட்டினார். அண்ணன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்து முடித்த விடுமுறையில் அப்பா ஈப்போவுக்குப் போய் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். எங்கள் லயத்தில் அதுதான் முதல் பெட்டி.

மலேசியாவில் அந்தத் தலைமுறை இதை "மைக்ரோ ஜீனியஸ்" என்றுதான் சொல்லும். தைவானிலிருந்து வந்த ஒரு பெட்டியின் பெயர் அது. மாவுச் சோப்புக்கெல்லாம் ஒரே பெயர் வைத்து அழைப்பதுபோல, வேறு பெயர் அச்சடித்த பெட்டிகளையும் நாங்கள் அப்படியே அழைத்தோம். எங்கள் வீட்டுப் பெட்டியின் பெயரும் உண்மையில் வேறு. அந்தப் பெட்டிகளெல்லாம் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல்கள். ஃபேமிகாமில் இரண்டு கைப்பிடிகளும் பெட்டியோடு கம்பியால் இணைந்தே இருக்கும், கழற்ற முடியாது. நகல் பெட்டிகள் பலவற்றில் கழற்றி மாட்டலாம், விடாமல் சுடுவதற்குக் கூடுதல் பொத்தான்களும் உண்டு. அதாவது படியெடுத்தவர்கள் அப்படியே படியெடுக்கவில்லை. மாற்றினார்கள், சேர்த்தார்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விளையாட்டு அட்டைகளும் அப்படித்தான். "168 இன் 1" என்று எழுதியிருக்கும். திறந்து பார்த்தால் பத்துப் பதினைந்து விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அந்த அட்டைதான்.

தோட்டம் பிறகு செம்பனைக்கு மாறியது. லயங்கள் காலியாயின. நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தோம். பெட்டி அட்டைப் பெட்டிக்குள் போய் இருபது ஆண்டுக்கு மேல் கிடந்தது.

சேகரிப்பவர்கள் மூன்று வகை

இன்று ஈப்போவில் பழைய விளையாட்டுப் பெட்டிகளைத் தேடுவோர் பலர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெமரி லேன் என்று அழைக்கப்படும் பழம்பொருள் சந்தைக்குப் போனால், நாணயம், கடிகாரம், பீங்கான் இவற்றுக்கு நடுவே விளையாட்டு அட்டைகளும் கைப்பிடிகளும் கண்ணில் படும். இந்த ஆர்வத்தை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதல் வகை, விலைக்காகச் சேர்ப்பது. அட்டைப்பெட்டி கிழியாமல் இருக்கிறதா, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்பதே இவர்களுக்கு முக்கியம். பொருள் ஓடுகிறதா என்பது அடுத்தபட்சம். படிக்கப்படாத புத்தகத்துக்குத்தான் இங்கே விலை அதிகம்.

இரண்டாம் வகை, அலங்காரத்துக்காகச் சேர்ப்பது. பழைய ஈப்போவின் காப்பிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு டிவிக் கூட்டுக்குள் செடி வைத்திருப்பார்கள். அழகாகத்தான் இருக்கும், படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த டிவி இனிப் பேசாது.

மூன்றாம் வகை, பழுதுபார்த்து ஓடவைப்பது. நானும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்கிறேன். ஆனால் இந்த மூன்று வகையினரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்: நகல் பெட்டி குப்பை. சந்தையில் ஒரு கடைக்காரர் என்னிடம், "இது கொப்பி லா, ஒரிஜினல் அங்க இருக்கு," என்று ஒரு ஜப்பானியப் பெட்டியைக் காட்டினார். நல்ல மனிதர், என்னை ஏமாற்றக்கூடாது என்றுதான் சொன்னார். பலரும் நகல் பெட்டியை வாங்கினால் அதிலுள்ள திருகாணிக்கும் கம்பிக்கும்தான் வாங்குகிறார்கள்.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். பேராக் தோட்டங்களில் பிள்ளைகள் தொட்ட பெட்டி எது? என் தோட்டத்தில் ஒரு வீட்டிலும் ஃபேமிகாம் இருந்ததில்லை. எல்லாம் நகல்தான். அப்படியானால் நகலைத் தூக்கிப்போட்டு மூலத்தை மட்டும் காக்கும் ஒரு சேகரிப்பில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? கோலகங்சாரில் 1877இல் வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று என்று அறியப்படும் மரத்தை இன்றும் வேலி போட்டுக் காக்கிறார்கள். நல்லது. அந்த மரத்தின் வழிவந்தவற்றை வெட்டிப் பிழைத்த குடும்பம் மாலையில் எந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தது என்பதற்கு வேலி போட யாரும் இல்லை.

மெதுவாக ஓடிய மரியோ

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை என்பதை எனக்குப் புரியவைத்தவர் என் அண்ணன்.

2016 நவம்பரில் நிண்டெண்டோ தன் பழைய பெட்டியைக் கையடக்க அளவில் மறுபடி வெளியிட்டது. 30 விளையாட்டுகள் உள்ளேயே பதிந்திருக்கும். புதிய தட்டை டிவியில் நேராக மாட்டலாம். படம் கண்ணாடிபோலத் தெளிவு. அண்ணன் பிறந்தநாளுக்கு அதை வாங்கிக் கொடுத்தேன். "சூப்பர் மரியோ பிரதர்ஸ்" போட்டான். முதல் பள்ளத்திலேயே விழுந்தான். இரண்டாவது தடவையும் விழுந்தான். கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவன் அவன்.

"இது நம்மளது இல்ல தங்கச்சி. இது ரொம்ப வேகமா ஓடுது," என்றான்.

வயசாயிடுச்சு என்று சிரித்தேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், அவன் சொன்னது சரி.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அக்காலத் தொலைக்காட்சி நொடிக்கு ஏறக்குறைய 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். மலேசியா பின்பற்றிய பால் முறையில் அது 50 முறை. ஃபேமிகாம் விளையாட்டுகள் பெரும்பாலும் படம் ஒருமுறை மாறினால் மரியோ ஓர் அடி வைப்பான் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. 60 அடி வைக்கவேண்டிய இடத்தில் 50 அடி. ஆக, பால் முறைக்கென்று செய்யப்பட்ட நகல் பெட்டியில் விளையாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். அந்த நகல் பெட்டிகளின் சில்லு ஓடும் வேகம் மூலத்துக்கு மிக நெருக்கமாக இருந்ததால் இசையின் சுருதி ஏறக்குறைய மாறாது, தாளம் மட்டும் இழுக்கும். பாடகர் அதே கட்டையில், ஆனால் நிதானமாகப் பாடுவதுபோல.

2016இல் வந்த சிறிய பெட்டியில் ஐரோப்பாவுக்கு விற்றதுகூட 60 கணக்கில்தான் ஓடியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படைத்தவர்கள் நினைத்த வேகம் அதுதான். ஆனால் நாங்கள் ஆடிய மரியோ அந்த அதிகாரப்பூர்வ நினைவில் இல்லை. "பேட்டல் சிட்டி" என்று நாம்கோ 1985இல் வெளியிட்ட விளையாட்டு, தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த "டேங்க் கேம்", அந்த 30 விளையாட்டுகளிலும் இல்லை. எங்கள் கை பழகிய வேகம் அந்த நகல் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதை வீசிவிட்டால் அண்ணனின் கைக்குத் தெரிந்தது பொய்யாகிவிடும்.

திரையும் பிரதியின் பகுதிதான்

பெட்டியைக் காத்தால் மட்டும் போதுமா? டிவி எதற்கு என்று கேட்கலாம்.

படக்குழாய் டிவியில் படம் மொத்தமாகத் தோன்றுவதில்லை. மின்னணுக் கற்றை ஒன்று மேலிருந்து கீழாகக் கோடு கோடாக ஓடி, கண்ணாடியின் உட்புறம் பூசிய பொருளை ஒளிரவைக்கிறது. புள்ளிகள் ஒன்றோடொன்று சற்றே கலந்து தெரியும். அக்கால ஓவியர்கள் இந்தக் கலப்பைத் தெரிந்தே வரைந்தார்கள். 1991இல் வந்த சேகாவின் "சோனிக்" விளையாட்டில் ஓர் அருவி வரும். புதிய திரையில் பார்த்தால் செங்குத்துக் கோடுகள், கம்பி வேலி மாதிரி. பழைய டிவியில் சாதாரணக் கம்பி வழியாகப் பார்த்தால் கோடுகள் ஒன்றாகக் கலந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகிவிடும். வரைந்தவர் எழுதியது கோடு. பார்த்தவர் வாசித்தது தண்ணீர். கோட்டையே துல்லியமாகக் காட்டுகிறேன் என்று சொல்லும் திரை, எழுத்தைக் காட்டிவிட்டுப் பொருளை விட்டுவிடுகிறது.

துப்பாக்கி விளையாட்டும் அப்படித்தான். வாத்து சுடும் விளையாட்டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கியின் முனையில் உள்ள கண் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கிறது. படம் வரத் தாமதமாகும் தட்டைத் திரையில் அந்தக் கணக்குத் தவறிவிடும், எத்தனை சுட்டாலும் வாத்து விழாது. இன்னொன்று: 4க்கு 3 அளவில் வரைந்த படத்தை அகலத் திரைக்கு இழுத்தால் மரியோ குண்டாகிவிடுவான். 2016 பெட்டியில் பழைய டிவிபோலக் கோடுகளைத் தெரியவைக்கும் ஒரு வசதி உண்டு. ஆனால் அது வேடம். சாமி வேடம் போட்டவரைக் கும்பிடலாம், தப்பில்லை, சாமி என்று மட்டும் குறிப்பெழுதக்கூடாது.

ஊடகம் மாறினால் படைப்பு மாறும் என்று நாம் நாடகத்தையும் சினிமாவையும் ஒப்பிடும்போது சொல்லிக்கொடுக்கிறோம். அதற்கு இதைவிட எளிதாகக் கைக்கெட்டும் சான்று வேறில்லை.

ஆனால் இந்த டிவிகள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 2019 அக்டோபர் இறுதியில் நாடு முழுவதும் பழைய முறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. மின்னிலக்க ஒளிபரப்பைப் பெறத் தனிக் கருவி மாட்டினால் பழைய டிவி ஓடும். பலர் டிவியையே மாற்றிவிட்டார்கள். பின்சந்துகளில் பெட்டி டிவிகள் மழையில் நனைந்துகொண்டு கிடந்ததை ஈப்போவில் நானே பார்த்திருக்கிறேன். என்னுடைய 14 அங்குலமும் அப்படி ஒரு சந்திலிருந்து வந்ததுதான்.

பதிப்பாசிரியரிடம் கற்றது

பழுதுபார்க்கத் தொடங்கியபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

இதற்கான பதிலை நான் தமிழ்ப் பாடத்திலிருந்துதான் எடுத்தேன். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். பல ஏடுகளை ஒப்பிட்டார். ஏட்டுக்கு ஏடு சொல் வேறுபட்டபோது தாம் ஏற்ற பாடத்தை மட்டும் போட்டு மற்றதை மறைத்துவிடவில்லை, பாட வேறுபாடுகளையும் குறித்துவைத்தார். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் யாரும் புதிதாக இரண்டு பாட்டு எழுதி ஒட்டவில்லை. 400 என்ற எண்ணிக்கையை 398 ஆக்கிப் பள்ளத்தை மூடவுமில்லை. இன்றும் அந்த இடம் காலியாகவே நிற்கிறது. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று காட்டுவதும் பதிப்பின் நேர்மை.

இதை என் மேசைக்குக் கொண்டுவந்தேன். லகாட் சாலைப் பக்கம் டிவி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் உதவினார். டிவிக்குள் வீங்கிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினோம். அவை மாற்றித்தான் ஆகவேண்டும், உள்ளிருக்கும் ரசாயனம் காய்ந்தாலோ கசிந்தாலோ படம் சுருங்கும், பலகையே அரித்துப்போகும். உள்ளே பல்லி முட்டை ஓடுகள் இருந்தன, துடைத்தோம். சேனல் திருப்பும் பொத்தான்களை மூடும் சிறு கதவு உடைந்து காணாமல் போயிருந்தது. வேறொரு டிவியிலிருந்து எடுத்துப் போடலாமா என்று கேட்டேன்.

"போடலாம் டீச்சர். ஆனா அப்புறம் இது அந்த டிவியா, இந்த டிவியா?" என்றார் அவர்.

அவர் உ.வே.சா.வைப் படித்தவரா என்று நான் கேட்கவில்லை. கதவு இல்லாமலேயே விட்டோம். என்ன மாற்றினோம், எந்தத் தேதியில், எந்த அளவுப் பாகம் என்று ஒரு பள்ளிப் பயிற்சி நோட்டில் எழுதி டிவியோடு வைத்திருக்கிறேன்.

மஞ்சளாகிப்போன வெளி ஓட்டையும் வெளுக்கவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் பழைய பிளாஸ்டிக் பளிச்சென்று ஆகும், சேகரிப்பவர்களிடம் பிரபலமான முறை. ஆனால் மஞ்சள் மறுபடி வரலாம். வராவிட்டாலும், வயதை அழித்துவிட்டுப் பழம்பொருள் என்று காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இவ்வளவு சொல்கிறேனே, நான் செய்த தவறையும் சொல்லவேண்டும். விளையாட்டு அட்டைகள் வேலை செய்யாவிட்டால் நாங்கள் வாயால் ஊதுவோம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு உலோகம் துருப்பிடிக்கும், சரியான வழி மதுசாரம் தொட்டுத் துடைப்பது. அதைப் படித்த உற்சாகத்தில் எல்லா அட்டைகளையும் வரிசையாக வைத்துத் துடைத்தேன், முனையை மட்டுமல்ல, முதுகையும் சேர்த்து. துடைத்த பஞ்சு நீலமானபோதுதான் பார்த்தேன். அட்டையின் முதுகில் அம்மா எங்கள் லயத்தின் எண்ணையும் வீட்டு எண்ணையும் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார். வீட்டுக்கு வீடு அட்டை கைமாறும், திரும்பி வரவேண்டுமே. அந்த லயம் இன்று இல்லை. அம்மாவின் கையெழுத்தில் எங்கள் முகவரி இருந்த ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். துடைப்பதற்கு முன் ஒரு படம்கூட எடுத்துவைக்கவில்லை.

அந்த அட்டை இப்போது நன்றாக ஓடுகிறது. மீட்டெடுத்தேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. நோட்டில் அந்த அட்டைக்கு நேராக "பின்புற எழுத்து என்னால் அழிந்தது" என்று எழுதிவைத்தேன். 267க்கு அடுத்து 268போல அதுவும் ஒரு காலியிடம்.

எதிர்வாதம்

"நகல் பெட்டி திருட்டுப் பொருள். அதைப் போய்ப் பதிப்பு, பாடம் என்று பெருமைப்படுத்தலாமா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும்.

ஆம், திருட்டுத்தான். படியெடுத்தவர்கள் உழைத்தவர்களின் அனுமதி பெறவில்லை. அதைவிட மோசம், பல கூட்டு அட்டைகளில் தொடக்கத் திரையில் இருந்த நிறுவனத்தின் பெயரையே அழித்துவிட்டார்கள். அதனால்தான் "சூப்பர் மரியோ பிரதர்ஸ்" விளையாட்டை 1985இல் உருவாக்கியவர்கள் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும், இசை கோஜி கோண்டோ என்பது அதை ஆயிரம் தடவை ஆடிய எனக்கு முப்பது வயதில்தான் தெரியவந்தது. ஆசிரியர் பெயரைக் கிழித்துவிட்டுப் புத்தகம் விற்பது போன்ற குற்றம் இது.

ஆனால் குற்றத்தில் பிறந்த பொருளைக் காப்பது குற்றத்தைப் பாராட்டுவது ஆகாது. பெட்டியைக் காட்சிக்கு வைக்கும்போது படைத்தவர்களின் பெயரை அருகில் எழுதிவைக்கிறேன். நகல் என்பதையும் எழுதிவைக்கிறேன். யார் படைத்தார்கள், யார் படியெடுத்தார்கள், யார் கையில் அது வந்து சேர்ந்தது என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு. முதலாவதை மட்டும் சொன்னால் அது நிறுவனத்தின் வரலாறு. மூன்றாவதை மட்டும் சொன்னால் ஏக்கப் பாட்டு.

தொரையும் உசுரும்

தமிழாசிரியருக்கு இதில் இன்னொரு பங்கும் இருக்கிறது. அந்த விளையாட்டுகளில் தமிழ் இல்லை. ஆங்கிலமும் எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் நாங்களே பேர் வைத்தோம். ஒரு முறை செத்தால் போவது "உசுரு". ஓர் உசுரு போனதும் கைப்பிடியை அடுத்தவனிடம் கொடுப்பது "கைமாத்து". பெண் பிள்ளையான எனக்கு அண்ணனும் அவன் கூட்டாளிகளும் களைத்த பிறகுதான் கைமாத்து வரும். கட்டத்தின் கடைசியில் வரும் பெரிய ராட்சசனுக்கு எங்கள் தோட்டத்தில் பேர் "தொரை". அவனுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சின்னவன் "கங்காணி".

இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. யாரை அடித்தால் கட்டம் முடியும் என்று லயத்துப் பிள்ளைகள் நினைத்தார்கள் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஜப்பானியப் பெட்டியின் கையேட்டில் அந்தச் சொல் இருக்காது. மெதுவாக ஓடிய மரியோவைப்போல இதுவும் எங்கள் பாட வேறுபாடு.

கண்காட்சி முடிந்த வாரம் என் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டில் அப்பா, அம்மா, மாமா, சித்தப்பா யாராவது இந்தப் பெட்டியில் ஆடியிருந்தால் அவர்கள் வைத்த பேர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். பதினொரு பேர் எழுதி வந்தார்கள். பாதிக்கு மேல் வேறு வேறு சொற்கள். ஒரு மாணவியின் அப்பா ஏதோ ஒரு விளையாட்டில் வரும் பெரிய ராட்சசனை "தௌக்கே" என்றாராம். அவர் வளர்ந்தது ஈப்போ நகரத்தில். தோட்டத்தில் தொரை, நகரத்தில் தௌக்கே! மொழிக்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நான் நாற்பது நிமிடம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

என் மதிப்பீடு

திறனாய்வு என்றால் முடிவில் ஒரு மதிப்பீடு இருக்கவேண்டும். ஒரு பழைய கருவியின் மீட்பை நான் நான்கு கேள்விகளால் அளக்கிறேன்.

1. அது ஓடுகிறதா? ஓடாத பொருள் அட்டை மட்டும் உள்ள நூல்.
2. அது ஓடவேண்டிய ஊடகத்தில் ஓடுகிறதா? அருவி தண்ணீராகத் தெரியவேண்டும்.
3. மாற்றியதும் இழந்ததும் எழுதப்பட்டிருக்கிறதா?
4. யாருடைய கையில் இருந்தது, என்ன பேரால் அழைக்கப்பட்டது என்பது கூடவே இருக்கிறதா?

முத்திரை உடையாத ஜப்பானியப் பெட்டிக்கு இந்த அளவுகோலில் ஒன்றும் தேறாது. காப்பிக் கடைச் செடி டிவிக்கும் அப்படித்தான். 2016இன் சிறிய பெட்டி முதல் கேள்வியில் நன்றாகத் தேறுகிறது, இரண்டாவதில் வேடம் போடுகிறது. என் போலிப் பெட்டி முதல் இரண்டில் முழுமையாகவும், மூன்றாவதில் ஒரு காலியிடத்தோடும், நான்காவதில் பதினொரு மாணவர்களின் உதவியோடும் தேறுகிறது.

"எதுக்கு டீச்சர் வச்சிருக்கீங்க?" என்று கேட்ட மாணவன் இப்போது பள்ளியை விட்டுப் போய்விட்டான். இந்தக் கட்டுரையை அவனுக்கு அனுப்பப் போகிறேன்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களே, இதைக் கருத்து விளக்கக் கட்டுரைக்கோ வாய்மொழிக் கலந்துரையாடலுக்கோ பயன்படுத்தலாம். சில கேள்விகள்:

• ஒரு படைப்பின் நகல், ஒரு சமூகத்துக்கு மூலமாக முடியுமா? இரண்டு சான்றுகளுடன் விளக்குக.
• பழம்பொருளைப் புதிதுபோல ஆக்குவதும் அதன் வடுக்களோடு காப்பதும்: எது சிறந்தது? உன் கருத்தை எழுதுக.
• உன் குடும்பத்தில் ஒரு கருவிக்கோ விளையாட்டுக்கோ வீட்டில் மட்டும் வழங்கும் பெயர் உண்டா? அந்தப் பெயர் எப்படி வந்திருக்கும்?

மாணவர்களே, ஓர் எச்சரிக்கை. பெட்டி டிவியின் பின்பக்கத்தை ஒருபோதும் திறக்காதீர்கள். வண்ணப் படக்குழாய்க்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் அழுத்தம் இருக்கும், மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். தெரிந்தவரிடம் கொடுங்கள். வேண்டாம் என்றாலும் சந்தில் போடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் சேர்க்கவேண்டும். எதையும் துடைப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கத்தை மறக்காதீர்கள்.